கணக்கு, சயின்ஸ், சோஷியல்: அமெரிக்க ஹைஸ்கூல் படிவத்தில் எதை டிக் அடிப்பது?

பொங்கல் முடிந்த கையோடு, அமெரிக்காவில் ஹைஸ்கூல் பிள்ளை இருக்கிற வீடுகளில் இன்னொரு சீசன் தொடங்கிவிடும். அடுத்த கல்வியாண்டுக்கு எந்தெந்தப் பாடம் வேண்டும் என்று பள்ளியிலிருந்து படிவம் வரும், கூடவே தடிமனாக ஒரு பாடப்பட்டியல் வரும், அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு நாம் ஒருவருக்கொருவர் போன் போட ஆரம்பிப்போம். ‘உங்க பையன் என்ன எடுக்கிறான்? ஏபி எத்தனை?’ போன வாரம் மட்டும் எனக்கு நான்கு போன். நான் ஆசிரியர் இல்லை, பாடம் தேர்ந்தெடுக்க ஆலோசனை சொல்லும் பள்ளிக் கவுன்சிலரும் இல்லை. மகளை ஒருமுறை இந்தப் பாதையில் கூட்டிக்கொண்டு போய் முட்டுச்சந்தில் நின்றுவிட்டு, இப்போது மகனோடு இரண்டாவது தடவை நடக்கிறவன், அவ்வளவுதான். நான்கு பேரிடம் சொன்னதை எழுதி வைத்துவிட்டால் ஐந்தாவது போனுக்குத் தொண்டை மிச்சம்.

நம் ஊரில் பத்தாவது முடித்ததும் ஒரே ஒரு முடிவு. ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸா? அதை எடுத்துவிட்டால் இரண்டு வருஷம் யோசிக்க ஒன்றுமில்லை. இங்கே கணக்கில் எந்த மட்டம், சயின்ஸில் எந்த மட்டம், சோஷியலில் எந்த மட்டம் என்று தனித்தனியாக, நான்கு வருஷமும் ஒவ்வொரு தடவையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண வகுப்பு ஒன்று, அதைவிடக் கொஞ்சம் கனமான ஹானர்ஸ் ஒன்று, எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் ஏபி ஒன்று (காலேஜ் மட்டத்துப் பாடம், மே மாதத் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தால் பல காலேஜ்கள் அதைப் படித்ததாகவே கிரெடிட் கொடுக்கும்), பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜோடு (இரண்டு வருஷக் கல்லூரி) சேர்ந்து நடத்தும் டூயல் என்ரோல்மென்ட் ஒன்று. பட்டியலைப் பார்த்தால் நூறு கதவு இருப்பது போலத் தெரியும். பிள்ளையின் போக்கை நிஜமாகவே மாற்றுகிற இடங்கள் என்று எண்ணினால் கணக்கில் இரண்டு, சயின்ஸில் ஒன்றரை, சோஷியலில் ஒன்று, அவ்வளவுதான். கணக்கு, சயின்ஸைப் பற்றி நாம் மணிக்கணக்காகப் பேசுவோம், சோஷியலில் இருக்கிற அந்த ஒன்றை யாரும் சீண்டுவதுகூட இல்லை. என் கட்சி என்னவென்றால், கணக்கில் நாம் காட்டுகிற அவசரத்தில் பாதியைக் குறைத்து அந்த நேரத்தைச் சோஷியலுக்குக் கொடுக்கலாம். ஏன் என்று கீழே சொல்கிறேன், ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பள்ளி டிப்ளமா கொடுக்கக் கேட்பது வேறு, காலேஜ் சேர்த்துக்கொள்ளக் கேட்பது வேறு. கலிஃபோர்னியாவில் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ‘ஏ முதல் ஜி வரை’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் வரலாறும் சமூக அறிவியலும் சேர்த்து 2 வருஷம், கணக்கு 3 வருஷம், சயின்ஸ் 2 வருஷம், எல்லாவற்றிலும் சி கிரேடாவது வேண்டும். கணக்கில் 4, சயின்ஸில் 3 இருந்தால் நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள். டெக்சாஸில் கதை வேறு. 2013-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு 22 கிரெடிட் (ஒரு முழு வருஷப் பாடத்துக்கு ஒன்று) இருந்தால் அடிப்படை டிப்ளமா கிடைத்துவிடும், அதற்கு அல்ஜீப்ரா 2 கட்டாயமில்லை. ஆனால் வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் தானாக இடம் கிடைக்க வேண்டுமென்றால் அல்ஜீப்ரா 2 இருந்தே ஆக வேண்டும். ‘கஷ்டமா இருக்கு, வேற கணக்கு எடுத்துக்கறேன்’ என்று பிள்ளை சொல்லும்போது நாம் சரி என்று தலையாட்டினால், அந்தக் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். ஆகவே உங்கள் மாநிலத்தின் பட்டியலை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். கவுன்சிலருக்கு நானூறு பிள்ளைகள், நமக்கு ஒன்றோ இரண்டோ.

சரி, கணக்கு. பெரும்பாலான மாநிலங்களில் ஏணி ஒன்றுதான்: அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ். படி ஐந்து, ஹைஸ்கூல் வருஷம் நான்கு. கணக்கு இடிக்கிறதா? அதனால்தான் 12-ஆம் வகுப்பில் கால்குலஸ் வேண்டுமென்றால் அல்ஜீப்ரா 1-ஐ 8-ஆம் வகுப்பிலேயே முடித்திருக்க வேண்டும் என்று ஆகிறது. அதற்கான முடிவு பல இடங்களில் ஆறாம் வகுப்பில் ஒரு தேர்வை வைத்து நடந்துவிடும், புதிதாக வந்த பெற்றோருக்கு அப்படியொரு தேர்வு நடந்ததே தெரியாது. இது பெற்றோர்களின் வீண் பதற்றம் என்று தள்ளிவிட முடியாத விஷயம். சான் பிரான்சிஸ்கோவில் 2014-ல் 8-ஆம் வகுப்பு அல்ஜீப்ராவை எடுத்தே விட்டார்கள், எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் போகட்டும் என்ற எண்ணத்தில். பத்து வருஷம் சண்டை நடந்தது, 2024-ல் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நகர மக்கள் ஓட்டே போட்டார்கள். டெக்சாஸ் எதிர்த்திசையில் போனது. 5-ஆம் வகுப்பு மாநிலத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளை யாரும் கேட்காமலே 6-ஆம் வகுப்பில் மேல்மட்டக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2023-ல் சட்டம் போட்டார்கள்.

8-ஆம் வகுப்பைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு குறுக்குவழி. ஒன்று, ஜியோமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-வையும் ஒரே வருஷத்தில் எடுப்பது. ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2-க்கு முன்னால் இருக்க வேண்டும் என்று கணக்கில் எந்தக் கட்டாயமும் இல்லை, வழக்கம்தான், ஆகவே இது நடக்கும், தினமும் இரண்டு ஹோம்வொர்க் என்பதைத் தாங்கினால். இன்னொன்று, கோடை விடுமுறையில் ஆறு வாரத்தில் ஜியோமெட்ரியை முடிப்பது. இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஏனென்றால் நான் செய்த தவறு அதுதான்.

மகள் ஏழாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்தாள். நன்றாகத்தான் செய்தாள். அந்தக் கோடையில் ஜியோமெட்ரியை ஆன்லைனில் முடித்துவிட்டால் ஒரு படி தாண்டலாமே என்று எனக்குத் தோன்றியது, ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ‘குழந்தைக்கு லீவு வேண்டாமா’ என்று கேட்டதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எட்டில் அல்ஜீப்ரா 2, ஒன்பதில் ப்ரீகால்குலஸ், பத்தில் கால்குலஸ், பதினொன்றில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். பன்னிரண்டில்? பள்ளியில் கணக்கே மிச்சமில்லை. கம்யூனிட்டி காலேஜில் மல்டிவேரியபிள் கால்குலஸ் மாலை வகுப்பு இருக்கிறது என்றார்கள், போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம், அவளுக்கு லைசென்ஸும் இல்லை. ஒரு வருஷம் கணக்கே இல்லாமல் போனது. காலேஜில் முதல் செமஸ்டர் கணக்கு வகுப்பில் போய் உட்கார்ந்தபோது, ஒரு கூற்றை எடுத்துப் படிப்படியாக நிரூபிப்பது என்றால் என்ன என்றே தெரியவில்லை என்று அழுதாள். நிரூபணம் முழுக்க ஜியோமெட்ரியில்தான் சொல்லித் தருவார்கள், அதைத்தான் நாங்கள் ஆறு வாரத்தில் விடையை டிக் அடித்துக் கடந்திருந்தோம்.

அதனால் என் கணக்கு இப்போது எளிது. 12-ஆம் வகுப்பில் கால்குலஸ் வந்து சேருகிற வேகம் போதும். 11-ல் வந்தால் நல்லது, அடுத்த வருஷத்துக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கிறது. அதற்கும் முன்னால் என்றால், பிள்ளை தானாகக் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

இரண்டாவது கிளை கால்குலஸிலேயே வருகிறது. இதில் இரண்டு ஏபி பாடம் உண்டு, ஒன்றின் பெயரை ஆங்கிலத்தில் முதல் இரண்டு எழுத்தால் சொல்வார்கள், இன்னொன்றைப் பிசி என்பார்கள். தமிழில் எழுதினால் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்டும் ஏபி, முதல் கால்குலஸும் ஏபி, படிக்கிறவருக்குத் தலை சுற்றும். எங்கள் வீட்டில் சின்ன கால்குலஸ், பெரிய கால்குலஸ் என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். சின்னது என்பது ஏறத்தாழ காலேஜில் ஒரு செமஸ்டர் கால்குலஸ். பெரியது இரண்டு செமஸ்டர். சின்னதில் இருப்பதெல்லாம் பெரியதில் இருக்கும், மேற்கொண்டு முடிவிலாத் தொடர், போலார் ஆயங்கள், இன்னும் சில தொகையிடும் முறைகள் சேரும். பெரியதின் தேர்வு எழுதினால் சின்னதுக்கு உரிய மதிப்பெண்ணையும் தனியாகக் காட்டுவார்கள், ஆகவே பெரியதில் தடுமாறினாலும் எல்லாமே போய்விடாது.

இங்கே நம்மவர்கள் ஒரு புள்ளிவிவரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரிய கால்குலஸில் 40 சதவீதத்துக்கு மேல் பிள்ளைகள் 5-க்கு 5 வாங்குகிறார்கள், சின்னதில் 20 சதவீதம் அளவுதான், அப்படியானால் பெரியதுதானே சுலபம்? அடுப்படிக்கே வராதவனும் தினமும் சமைப்பவனும் ஆளுக்கொரு பதார்த்தம் செய்தால் எது ருசியாக வரும்? பெரியதை எடுப்பதே கணக்கில் வலுவான பிள்ளைகள்தான். உங்கள் பிள்ளைக்கு ப்ரீகால்குலஸ் ஹானர்ஸ் வகுப்பில், ட்யூஷன் இல்லாமல், ஏ கிரேடு வந்ததா என்பதை மட்டும் பாருங்கள். வந்தால் நேரே பெரியதுக்குப் போகலாம். மூச்சு வாங்கி பி வந்தது என்றால் சின்னதே சரி. முதல் வருஷம் சின்னது, அடுத்த வருஷம் பெரியது என்று சில பள்ளிகளில் வரிசை வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வருஷத்தில் பாதி ஏற்கெனவே படித்ததுதான், நல்ல பிள்ளைக்குச் சலிப்பு, தடுமாறுகிற பிள்ளைக்கு வரம். 2023-24-லிருந்து ப்ரீகால்குலஸுக்கே ஒரு ஏபி வந்திருக்கிறது. ஜிபிஏவுக்கு, அதாவது கிரேடு சராசரிக்கு, ஒரு புள்ளி கூடும் என்பதைத் தாண்டி அதில் பெரிதாக ஒன்றும் நான் பார்க்கவில்லை, கணக்கில் மேலே போகப்போகிறவன் கால்குலஸ் தேர்வில் கிரெடிட் வாங்கிக்கொள்வான்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாவம். ‘அது கணக்கு வராதவங்க எடுக்கறது’ என்று ஒரு பேச்சு நம்மிடம் உண்டு. அல்ஜீப்ரா 2 தெரிந்தால் போதும் என்பது உண்மைதான், ஆனால் விடையை எண்ணாக எழுதிவிட்டு நிறுத்தினால் மதிப்பெண் வராது. இந்த மருந்து வேலை செய்ததா இல்லையா, உன் கணக்கு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று வாக்கியமாக எழுத வேண்டும். என் மகள் பெரிய கால்குலஸைவிட இதில்தான் அதிகம் திட்டு வாங்கினாள், காலேஜில் அதிகம் உதவியதும் இதுதான் என்கிறாள். உயிரியல், உளவியல், பொருளாதாரம், வணிகம் பக்கம் போகிற பிள்ளைக்கு இது கட்டாயம் வேண்டும் என்பேன். இஞ்சினியரிங் போகிறவன் கால்குலஸுக்குப் பதிலாக இதை எடுப்பது மட்டும் வேண்டாம், கூட எடுக்கலாம். அல்ஜீப்ரா 2-வை விட்டுவிட்டு ‘டேட்டா சயின்ஸ்’ என்று கவர்ச்சியாக இருப்பதை எடுப்பது அதைவிடப் பெரிய பொறி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2020-ல் அதற்குத் தலையாட்டியது, 2023 ஜூலையில் ‘இல்லை, அல்ஜீப்ரா 2-க்கு இது ஈடாகாது’ என்று திரும்பிக்கொண்டது. நடுவில் மாட்டிய பிள்ளைகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

காலேஜ் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வில் கால்குலஸ் கிடையாது, அல்ஜீப்ரா, கொஞ்சம் ஜியோமெட்ரி, கொஞ்சம் முக்கோணவியல், அதிலேயே கிராஃப் போடும் கால்குலேட்டர் திரையில் வந்துவிடுகிறது. முன்பு கணக்குக்கும் சயின்ஸுக்கும் தனித்தனியாக இருந்த எஸ்ஏடி சப்ஜெக்ட் தேர்வுகளை 2021-ல் நிறுத்திவிட்டார்கள். நிறைய காலேஜ்கள் ஏபி மதிப்பெண்ணைக் கூர்ந்து பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சயின்ஸுக்கு வருவோம். வழக்கமான வரிசை பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ். ஆங்கில அகர வரிசையும் அதுவே என்று கிண்டலடிப்பார்கள். 1988-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய லியோன் லெடர்மேன் இந்த வரிசையையே தலைகீழாக்க வேண்டும் என்று பிற்காலத்தில் ஊர் ஊராகப் பேசினார்: அணு தெரியாமல் மூலக்கூறு எப்படி, மூலக்கூறு தெரியாமல் செல் எப்படி? கேட்க நியாயமாக இருக்கிறது, சில பள்ளிகள் 9-ஆம் வகுப்பில் ஃபிசிக்ஸ் வைக்கவும் செய்கின்றன. ஆனால் அப்போது அல்ஜீப்ரா 1 படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு ஃபிசிக்ஸ் என்று கொடுப்பது படம் பார்த்துக் கதை சொல்வது போல ஆகிவிடும். உங்கள் பள்ளியில் இரண்டு வரிசையும் இருந்தால், 9-ல் ஜியோமெட்ரியிலோ அதற்கு மேலோ இருக்கிற பிள்ளைக்கு ஃபிசிக்ஸ் முதலில் பரவாயில்லை, மற்றவர்களுக்கு வேண்டாம். இதைத்தான் ஒன்றரையில் அரை என்றேன்.

முழுசான கிளை ஃபிசிக்ஸில் இருக்கிறது. முன்பு ஃபிசிக்ஸ் பி என்று ஒரு ஏபி இருந்தது, 2014-15-ல் அதை ஃபிசிக்ஸ் 1, ஃபிசிக்ஸ் 2 என்று பிரித்தார்கள், இரண்டுக்கும் அல்ஜீப்ரா போதும். ஃபிசிக்ஸ் சி என்பது தனி, கால்குலஸ் வைத்துச் செய்வது, மெக்கானிக்ஸுக்கு ஒரு தேர்வு, மின்சாரம்-காந்தத்துக்கு ஒரு தேர்வு. ஃபிசிக்ஸ் 1-தானே, ஒன்று என்றால் எளிதாகத்தான் இருக்கும் என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் ஏராளம். தொடங்கிய முதல் சில வருஷங்களில் 5 வாங்கியவர்கள் 10 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. காரணம் கேள்வி கேட்கும் விதம். நான் இஞ்சினியரிங் படித்தவன், மகள் ஒருநாள் ஒரு கேள்வியைக் கொண்டுவந்தாள்: சரிவில் ஒரு திண்ம உருளையையும் ஒரு வளையத்தையும் ஒரே நேரத்தில் உருட்டி விட்டால் எது முதலில் கீழே வரும், எண் எதுவும் இல்லாமல் விளக்கு. உருளை என்று விடை தெரிகிறது, சூத்திரமும் மனப்பாடம், ‘எண் இல்லாமல் சொல்லுப்பா’ என்றதும் எனக்கு நா எழவில்லை. வளையத்தின் நிறையெல்லாம் விளிம்பில் இருக்கிறது, அதைச் சுழற்றவே ஆற்றலில் அதிகப் பங்கு செலவாகிறது, முன்னால் போக மிச்சம் குறைவு. இவ்வளவுதான் பதில். எண்ணைப் போட்டு விடை எடுத்தே வளர்ந்த நம்மால் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித் தர முடியாத பாடம் இது, அதனாலேயே நல்ல பாடம் என்றும் தோன்றுகிறது.

இஞ்சினியரிங் என்றால் ஃபிசிக்ஸ் சி-தான் கிரெடிட்டாக எண்ணப்படும் வாய்ப்பு அதிகம், ஃபிசிக்ஸ் 1-ஐ இஞ்சினியரிங் துறைகள் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஆனால் சி-க்குக் கால்குலஸ் கூடவே ஓட வேண்டும். பார்த்தீர்களா, ஆறாம் வகுப்பில் போட்ட கணக்குத் தடம் இங்கே வந்து ஃபிசிக்ஸின் கதவைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. 11-ல் சாதாரண ஃபிசிக்ஸோ ஃபிசிக்ஸ் 1-ஓ, 12-ல் கால்குலஸோடு சி. இது நிதானமான வரிசை. 11-லேயே பள்ளியில் ஃபிசிக்ஸே படிக்காமல் நேராக சி-யில் குதித்த பையன்களை எனக்குத் தெரியும், நவம்பரில் முகம் வெளிறிப்போய் இருப்பார்கள்.

ஏபி கெமிஸ்ட்ரியா ஏபி பயாலஜியா என்ற கேள்வியை ‘டாக்டராகணும்’ என்கிற வீடுகளில் கேட்பார்கள். இங்கே மருத்துவப் படிப்பு நான்கு வருஷ டிகிரிக்குப் பிறகுதான், அப்புறம் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, பல மருத்துவக் கல்லூரிகள் ஏபி கிரெடிட்டை முன்தேவைப் பாடமாக ஒத்துக்கொள்வதும் இல்லை. ஆகவே 16 வயதில் ஏபி பயாலஜி எடுக்காததால் யாருடைய ஸ்டெதஸ்கோப்பும் பறிபோகாது. நீளமாக வாசித்து, வரைபடத்தையும் சோதனை முடிவையும் அலச ஆசைப்படுகிற பிள்ளைக்குப் பயாலஜி. புதிர் மாதிரிக் கணக்குப் போடவும் லேபில் நிற்கவும் பிடித்தவர்களுக்குக் கெமிஸ்ட்ரி, உழைப்பு அதில் கூடுதல். சுற்றுச்சூழல் அறிவியல் ஏபியை ‘ஈசி ஏபி’ என்பார்கள், ஆழம் குறைவு, அகலம் அதிகம், மற்ற பாடங்கள் கனமாக இருக்கும் வருஷத்தில் தாராளமாக எடுக்கலாம்.

இதில் நம் வீடுகளுக்கு மட்டும் ஒரு தனிக் கவலை. எச்-1பி வேலை விசாவில் வந்து கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற குடும்பம், பிள்ளைக்கு 21 வயதாகிவிட்டால் நம்மோடு சேர்ந்த விசா தகுதி போய்விடும், நடுவில் வேலை போனால் ஊருக்கே திரும்ப வேண்டி வரலாம். அந்த வாய்ப்பு கொஞ்சமாவது இருக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே பல மாநிலங்களில் ஃபிசிக்ஸே படிக்காமல் டிப்ளமா வாங்கிவிட முடியும். நம் ஊரில் நீட் எழுத வேண்டுமென்றால் மேல்நிலையில் ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் வேண்டும், இஞ்சினியரிங்குக்குப் பெரும்பாலும் ஃபிசிக்ஸும் கணக்கும் இல்லாமல் முடியாது. 11, 12-ல் இவற்றை விடாமல் வைத்திருந்தால் இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும்.

இப்போது சோஷியல். எனக்குப் பேச ஆசையான இடம்.

நம் தலைமுறைக்குச் சோஷியல் என்றால் அசோகர் மரம் நட்டார், பானிபட் போர் மூன்று, வருஷத்தை மனப்பாடம் செய், மறந்துவிடு. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ‘சோஷியல்ல சாதாரண வகுப்பு எடுத்துக்கோ, நேரத்தை மேத்ஸ்ல போடு’ என்று சொல்லிவிடுகிறோம். மகளிடம் நானும் சொன்னேன், அவள் கேட்கவில்லை, நல்லவேளை.

வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: 9-ல் மனிதப் புவியியல் அல்லது உலகப் பண்பாடு, 10-ல் உலக வரலாறு, 11-ல் அமெரிக்க வரலாறு, 12-ல் அரை வருஷம் அரசாங்கம், அரை வருஷம் பொருளாதாரம். ஏபி மனிதப் புவியியலை ஒன்பதிலேயே நிறையப் பிள்ளைகள் எடுக்கிறார்கள், முதல் ஏபி எப்படி இருக்கும் என்று காலை நனைத்துப் பார்க்க ஏற்ற இடம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஏபி உலக வரலாறு கி.பி. 1200-லிருந்துதான் தொடங்குகிறது. 2018-ல் காலேஜ் போர்டு 1450-லிருந்து தொடங்கப் போகிறோம் என்று சொல்ல, ஐரோப்பியர் கப்பல் ஏறும் முன் உலகமே இல்லையா என்று ஆசிரியர்களும் மாணவர்களும் கொதித்து எழுந்து, கடைசியில் 1200-ல் சமரசம். அதிலும் நமக்கு நஷ்டம்தான். ராஜேந்திர சோழன் ஸ்ரீவிஜயம் மீது கப்பற்படை அனுப்பியது 1025. நூற்றி எழுபத்தைந்து வருஷ வித்தியாசத்தில் ராஜேந்திரன் வெளியே, விஜயநகரம் உள்ளே. இந்த மனக்குறையை வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சரிசெய்துகொள்ளலாம்.

உண்மையான கிளை 11-ல், அமெரிக்க வரலாற்றில். சாதாரண வகுப்பு, ஏபி, டூயல் என்ரோல்மென்ட் மூன்றும் பெயரளவில் ஒரே பாடம், உள்ளே மூன்று வேறு வேலை. ஏபியில் 1491-லிருந்து இன்று வரை ஒன்பது காலகட்டம். தேர்வு மூன்றே கால் மணி நேரம்: 55 கொள்குறி வினா, மூன்று குறுவிடை, ஒரு நீள் கட்டுரை, அப்புறம் எல்லாரும் பயப்படுகிற ஆவணக் கேள்வி. ஏழு ஆவணங்களைக் கொடுப்பார்கள், ஒரு கடிதம், ஒரு கேலிச்சித்திரம், ஒரு மேடைப்பேச்சு, இப்படி. ஒரு மணி நேரத்தில் அவற்றை வைத்து ஒரு வாதத்தைக் கட்டி எழுத வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு இதற்கு. யார் எழுதியது, யாருக்காக, எந்தச் சமயத்தில், என்ன லாபத்துக்காக இப்படிச் சொல்கிறார், இந்தக் கடிதமும் அந்தப் பேச்சும் ஏன் ஒத்துப்போகவில்லை? ஒரு வருஷம் வாராவாரம் இதைச் செய்த பிள்ளை செய்தித்தாளைப் படிக்கும் விதமே மாறிவிடுகிறது. நம் குடும்ப வாட்ஸ்அப்பில் வருகிற ஃபார்வேர்டுக்கு ‘இது யார் எழுதினது, எங்கே வந்தது?’ என்று மகள் கேட்க ஆரம்பித்தது அந்த வருஷம்தான், பெரியப்பாவுக்கு இன்னும் கோபம். கம்ப்யூட்டர் படிக்கப்போன அவளுக்குக் காலேஜில் புராஜெக்ட் அறிக்கை எழுதும்போது கைகொடுத்ததும் இதே பழக்கம். ஆறு வாரக் கோடை ஜியோமெட்ரியில் நான் மிச்சம் பிடித்ததாக நினைத்ததைவிட இது பல மடங்கு.

டூயல் என்ரோல்மென்ட்டில் மே மாதத்து ஒற்றைத் தேர்வு என்ற பயம் இல்லை, வகுப்பை முடித்தால் காலேஜ் கிரெடிட். அதே மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போவது உறுதி என்றால் இது மிக லாபம். டெக்சாஸில் அரசுக் கல்லூரியில் யார் எந்தப் படிப்பு படித்தாலும் அமெரிக்க வரலாறு 6 கிரெடிட் மணி கட்டாயம், அதை ஹைஸ்கூலிலேயே முடித்துவிடலாம். ஆனால் அந்த கிரேடு காலேஜ் மதிப்பெண் பட்டியலில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும், பதினாறு வயதில் வாங்கிய சி, பிற்பாடு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் கூடவே வரும். வெளி மாநிலத் தனியார் கல்லூரிகள் பல அந்த கிரெடிட்டை ஏற்பதும் இல்லை. எங்கே போகப் போகிறோம் என்று தெரியாதவர்களுக்கு ஏபி நல்லது. எழுதுவதில் பிள்ளை ஓரளவு சுமார் என்றால் ஹானர்ஸ் இருந்தால் ஹானர்ஸ். வாசிப்பு பிடிக்கவே பிடிக்காது, ஆங்கிலத்திலும் தடுமாற்றம் என்றால் சாதாரண வகுப்பு தவறில்லை.

12-ல் வருகிற ஏபி அரசாங்கம் பற்றி ஒரு வார்த்தை. அரசியல் சாசனம் உட்பட ஒன்பது மூல ஆவணங்களும் முக்கியமான உச்சநீதிமன்றத் தீர்ப்புகளும் கட்டாயம். அதில் 1969-ல் வந்த டிங்கர் வழக்கும் ஒன்று. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிவந்த பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாதகமான தீர்ப்பு. தன் வயதுப் பிள்ளைகள் போட்ட வழக்கு என்றதும் என் மகள் அதை மட்டும் மூன்று தடவை படித்தாள். பொருளாதாரத்தை பிசினஸ் பக்கம் போகிறவர்கள் தாமாகவே எடுத்துக்கொள்வார்கள், உளவியல் வகுப்பு எப்போதும் நிரம்பி வழியும், இரண்டையும் நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

எத்தனை ஏபி என்ற கேள்விக்கு எண்ணாகப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் ஒரு விவரம்: கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஜிபிஏ கணக்கிடும்போது ஏபி, ஹானர்ஸுக்கான கூடுதல் புள்ளியை மொத்தம் எட்டு செமஸ்டருக்கு மேல் கொடுப்பதில்லை, அதாவது நான்கு முழு வருஷப் பாடம். பன்னிரண்டு ஏபி எடுத்தவனுக்கும் அதே உச்சவரம்புதான். ஒவ்வொரு தேர்வுக்கும் நூறு டாலர் அளவில் கட்டணம், எல்லாம் மே மாதத்தில் இரண்டு வாரத்துக்குள். நான் மகனுக்கு வைத்திருக்கிற அளவு: எந்த வருஷமானாலும் கணக்கு-சயின்ஸ் பக்கம் கனமான பாடம் ஒன்று, வாசித்து எழுதுகிற பக்கம் கனமான பாடம் ஒன்று. 11-லும் 12-லும் அவனாகக் கேட்டால் இன்னொன்று. இஞ்சினியரிங் ஆசை உள்ளவர்கள் 12-ல் கால்குலஸையும் ஃபிசிக்ஸ் சி-யையும் இரட்டையாக எடுத்துக்கொண்டு அந்த வருஷம் சோஷியலில் இறங்கி வரலாம், 11-ல் அமெரிக்க வரலாற்றை ஒழுங்காக முடித்திருந்தால்.

மகன் இப்போது ஒன்பதில் இருக்கிறான். ஜியோமெட்ரி, முழு வருஷம், நிரூபணத்தோடு. அடுத்த வருஷப் படிவத்தில் அல்ஜீப்ரா 2 ஹானர்ஸ், கெமிஸ்ட்ரி ஹானர்ஸ், ஏபி உலக வரலாறு என்று டிக் அடித்துவிட்டோம், சண்டை வரவில்லை. மிச்சமிருந்த ஒரு கட்டத்தில் நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பென்சிலில் எழுதி வைத்தேன். காலையில் பார்த்தால் அதை அழித்துவிட்டு மண்பாண்டம் செய்யும் வகுப்பு என்று பேனாவில் எழுதியிருக்கிறான், பக்கத்தில் அவன் அம்மாவின் கையெழுத்தும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.